கப்பல் பட்டியல்

"இரண்டாம் காண்டத்தின் பின்பாதியை விட்டுவிடலாம்"
என்றா மிஸ் கலோயெரு.
"பரீட்சைக்கு வராது. வெறும் கப்பல்கள்."

டண்டினோங், ஜூலை, நாலாம் பாடம்.
தகரக் கூரை வகுப்பில் ஹீட்டர்
இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.
கிரேக்கத்தில் பூட்டன் வீடு உள்ள ஒரே பெடியன்
லெஃப்தெரிஸ், மேசையில் கவிழ்ந்து நித்திரை.
அவனுக்கும் சேர்த்து நாங்கள்தான்
அவனுடைய பத்து வருசப் போரைச் சுமந்தோம்.

நான் விடவில்லை.
விடச் சொன்ன பக்கத்தை முதலில் படிப்பது
என் வியாதி.

எந்த ஊர், எத்தனை கப்பல், யார் தலைவன்,
அவன் யாருடைய மகன்.
நாற்பது கப்பல்.
நாற்பது கப்பல்.
இன்னொரு நாற்பது.
ஒருவனுக்கு மட்டும் மூன்றே மூன்று.
ஆள் நல்ல வடிவாம்.
மூன்று கப்பலோடு வருபவனுக்கு
வேறென்ன சொல்லிச் சமாளிப்பது.

ஓரத்தில் பென்சிலால் கூட்டினேன். ஆயிரம் தாண்டியது.
கப்பலுக்கு ஐம்பது பேர் என்றால்,
நூற்றிருபது பேர் என்றால்...
கல்குலேட்டர் தந்த மார்வா கேட்டாள்:
"இது இங்கிலிஷ் பாடமா, கணக்கா?"

துடுப்புப் போட்டவர்களுக்குப் பெயர் இல்லை.
ஒருத்தனுக்கும்.

கையை உயர்த்திக் கேட்டேன்.
இங்கிலிஷில் கேட்டதால் நீளமாகிப் போனது.
தமிழில் என்றால் ஒரு சொல் போதும்:
வலித்தவர்கள்.
துடுப்பை வலித்தவர்கள்.
வலித்தவர்கள்.

மிஸ் கலோயெரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா.
"அவ்வளவு பேரையும் பாட வெளிக்கிட்டால்
போர் தொடங்கியே இருக்காது."
வகுப்பு சிரித்தது.
பகிடி என்று நானும் எழுதிக்கொண்டேன்.
பஸ்ஸில் திரும்பி வாசித்தபோது
அது பகிடியாக இல்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு பட்டியல் உண்டு.
மூன்று இங்கிலிஷ் எழுத்து: அது வள்ளம்.
பக்கத்தில் இரண்டு இலக்கம்: அது அப்பா.
முகாமில் அப்படித்தான் கூப்பிட்டார்களாம்,
சாப்பாட்டுக்கும், மருந்துக்கும், வழக்குக்கும்.
அந்த இரண்டு இலக்கத்தைத்தான்
இன்றைக்கும் போனைத் திறக்க அமத்துகிறார்.
மறக்காத நம்பர் என்கிறார், பெருமை போல.
நானும் அம்மாவும் பிறகு பிளேனில் வந்தோம்,
மூடி போட்ட சோற்றுத் தட்டோடு.

அன்றிரவு கோழித் தொழிற்சாலைச் சப்பாத்தை
அப்பா கழற்ற முதல் கேட்டேன்:
"உங்கட வள்ளத்தில ஆர் ஆர் வந்தவை?"

ஒரு சப்பாத்தோடு இருந்தபடி தொடங்கினார்.
இரண்டு ரவி. கட்டை ரவி, கண்ணாடி ரவி.
சத்தி எடுத்து எடுத்துச் சீட்டு விளையாடின செபமாலை.
ஒரு சொல்லும் கதையாத தகப்பனும் மகனும்.
கரை தெரிந்ததும் தலை இழுத்த குகதாசன்.
முப்பத்தொன்றில் நின்றுபோனார்.
ஏறியது நாற்பத்தேழு.

பத்தரை மணிக்கு மில்டூராவுக்குப் போன்.
"டேய், எஞ்சினுக்குப் பக்கத்தில படுத்தவன் ஆர்?"
அங்கே திராட்சைத் தோட்டத்துக்கு
விடிய நாலரைக்கு எழும்ப வேண்டிய மனிதர்
எழும்பி உட்கார்ந்து சண்டை பிடித்தார்:
அது கண்ணாடி ரவி இல்லை,
கண்ணாடி கடலில் விழுந்த மற்றவன்.
இருவரும் இருமி இருமிச் சிரித்தார்கள்.
என்னத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று
அம்மா கதவால் எட்டிப் பார்த்தா.

அந்தப் பக்கங்களை முன்பு ஒருவரும் படிக்காததால்
என் கணக்குப் போக ஓரமெல்லாம் வெள்ளை.
அதில் எழுதினேன், சின்னதாக, ஒன்றன்கீழ் ஒன்றாக.

நாற்பத்தாறு.
மற்றவன் ஏழு நாள் தண்ணீர் இறைத்தவன்.
அவன் வாளியைத் தர இவர் வாங்கியிருக்கிறார்,
இவர் தர அவன்.
"பேர் கேக்கேல்லை" என்றார் அப்பா.
போனின் மறுபக்கமும் பேசவில்லை.
கோடு மட்டும் இழுத்துவிட்டேன்.

தவணை முடிவில் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தோம்.
மிஸ் கலோயெரு இரண்டாம் காண்டத்தில் விரலை வைத்து
கனநேரம் நின்றா. கோட்டில் நின்றது விரல்.
ஆனாலும் நூலகத்துக்கு ஒரு சட்டம் உண்டு:
புத்தகத்தில் கிறுக்கினால் பதினெட்டு டொலர்.

அப்பா காசை எண்ணி மேசையில் வைத்தார்.
"அது பரவாயில்லை. கேட்டுப் பார்,
அழிக்க மாட்டினம்தானே?"